காணாமல் போன 87 ஜிபி: துடைப்பதா, வெளியே வைப்பதா, டிஸ்க்கையே மாற்றுவதா?

அக்கா மகள் போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். “மாமா, சி டிரைவ் சிவப்பாயிடுச்சு. 4 ஜிபிதான் பாக்கி. நான் புதுசா எதுவுமே ஏத்தலை” என்றாள். வருவதற்கு முன்பே ஒரு கடையில் காட்டியிருக்கிறாள். ஃபார்மேட் அடித்துவிடலாம், இல்லையென்றால் பெரிய எஸ்எஸ்டி, அதாவது லேப்டாப்புக்குள் இருக்கும் டிஸ்க், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று இரண்டே வழி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வாரம் புராஜெக்ட் கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு இரண்டுமே பயமாக இருந்தது.

இந்த நிலைமை நிறையப் பேருக்கு வருகிறது, குறிப்பாக 256 ஜிபி லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு. உண்மையில் வழி இரண்டு அல்ல, ஆறு இருக்கிறது: உள்ளேயே சுத்தம் செய்வது, டி டிரைவில் சும்மா கிடக்கும் இடத்தை சி-க்குக் கொடுப்பது, வெளி டிஸ்க்கில் வைப்பது, கிளவுடில் வைப்பது, எஸ்எஸ்டியை மாற்றுவது, கடைசியாக விண்டோஸை மறுபடி போடுவது. இதில் எது உங்களுக்குச் சரி என்பதை, இடத்தை எது பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. பார்க்காமல் எஸ்எஸ்டி வாங்கினால் பழைய குப்பையும் சேர்ந்து புது வீட்டுக்குக் குடிபோகும். பார்க்காமல் ஃபார்மேட் அடித்தால் குப்பையோடு வேண்டியதும் போகும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். பெட்டியில் 256 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸில் 238 என்று காட்டும். டிஸ்க் செய்கிறவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள், விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107 கோடியே 37 லட்சம் சொச்சம் பைட்டை ஒரு ஜிபி என்கிறது. 512 வாங்கினால் 476 என்றும், 1 டிபி வாங்கினால் 931 என்றும் தெரியும். யாரும் எதையும் திருடவில்லை. மேக்கில் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்ட் முதல் டிஸ்க் செய்கிறவர்களின் கணக்கையே பின்பற்றுவதால் அங்கே இந்தக் குழப்பம் கிடையாது. இது போக, கணினி பூட் ஆவதற்கான சின்னப் பகுதி, ரெக்கவரிப் பகுதி என்று இன்னும் கொஞ்சம் போகும். சில நிறுவனங்கள் தங்கள் ரெக்கவரிப் பகுதிக்கு 10, 20 ஜிபி கூட ஒதுக்கிவிடுகின்றன. நம் பிள்ளையின் சி டிரைவ் மொத்தமே 237 ஜிபி.

சரி, 237-இல் 4 பாக்கி என்றால் 233 நிரம்பியிருக்கிறது. அவள் கெட்டிக்காரி, சி டிரைவைத் திறந்து எல்லா ஃபோல்டரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்திருக்கிறாள். 146 ஜிபி என்று வந்திருக்கிறது. மிச்சம் 87 ஜிபி எங்கே? இதுதான் அவளை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது. வைரஸ் என்றே முடிவுகட்டிவிட்டாள்.

வைரஸ் எல்லாம் இல்லை. எக்ஸ்ப்ளோரர் நமக்கு எல்லாவற்றையும் காட்டுவதில்லை, அவ்வளவுதான். சி டிரைவின் வாசலிலேயே மறைத்து வைத்த கோப்புகளும் ஃபோல்டர்களும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாததால் அவை தேர்வில் சேர்வதில்லை. அப்புறம், நமக்கு அனுமதி இல்லாத ஃபோல்டர்களை அது எண்ணாமலே தாண்டிப் போகிறது, அதுவும் சொல்லாமல். இந்த இரண்டாவது விஷயம்தான் அன்றைக்குப் பெரிய கதையாக முடிந்தது.

கண்டுபிடிக்க என்ன வழி? விண்டோஸிலேயே செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் ஆப்ஸ் இவ்வளவு, டெம்பரரி ஃபைல்ஸ் இவ்வளவு, படங்கள் இவ்வளவு என்று பிரித்துக் காட்டும். தொடங்குவதற்கு நல்ல இடம், எதையும் இறக்க வேண்டியதில்லை. ஆனால் ‘அதர்’ என்று ஒரு பெரிய மூட்டையைக் கட்டி வைத்துவிடும், அதற்குள் என்ன என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அதற்கு மேல் போக விஸ்ட்ரீ, வின்டிர்ஸ்டாட், ட்ரீசைஸ் ஃப்ரீ என்று மூன்று கருவிகள் இருக்கின்றன. நான் எப்போதும் கையில் எடுப்பது விஸ்ட்ரீ. அது ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து எண்ணிக்கொண்டிருப்பதில்லை. விஸ்ட்ரீ, விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வகை டிஸ்க்கில் எல்லாக் கோப்பின் விவரமும் பதிந்திருக்கும் மூலப் பட்டியலையே நேராகப் படித்துவிடுகிறது. கணக்குப் பிள்ளையிடம் பேரேட்டை வாங்கிப் பார்ப்பதற்கும், கிடங்கில் போய் மூட்டை மூட்டையாக எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம். 256 ஜிபி எஸ்எஸ்டிக்குச் சில வினாடிதான் ஆகும். சொந்த உபயோகத்துக்கு இலவசம், அலுவலகம் என்றால் காசு கட்ட வேண்டும். அலுவலகத்தில் காசு கட்ட மாட்டார்கள் என்றால் வின்டிர்ஸ்டாட் ஓப்பன் சோர்ஸ், தாராளமாகப் போடலாம், பழைய பதிப்பு ரொம்ப மெதுவாக ஓடும் என்பதால் புதிய 2-ஆம் வரிசைப் பதிப்பாகப் பார்த்துப் போடுங்கள். எதைப் போட்டாலும் ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி இல்லாத ஃபோல்டர் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகலாம், நாம் தேடுகிற பொருளே அங்கேதான் இருக்கும்.

ஓட்டினோம். 87 ஜிபியும் வரிசையாக வந்து நின்றது. ஹைபர்னேட்டுக்கான (திறந்திருக்கும் வேலையை டிஸ்க்கில் எழுதிவிட்டு அணைவது) மறைகோப்பு 3, ரேம் போதாதபோது கைகொடுக்கும் பேஜ் ஃபைல் 11, விண்டோஸ் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரெஸ்டோர் பாயின்ட்கள் இருக்கும் சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் ஃபோல்டர் 14, மென்பொருள்கள் தங்கள் பொருளை வைக்கும் புரோகிராம் டேட்டா 9, காலி செய்யாத ரீசைக்கிள் பின் 7. இதெல்லாம் 44. மிச்சம் 43 ஜிபி? யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயர். அவள் அண்ணனுடையது! இரண்டு வருடம் முன்பு அவன் வேலைக்குப் போகும்போது தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போன லேப்டாப் அது. அவன் கணக்கை யாரும் எடுக்கவில்லை. எக்ஸ்ப்ளோரரில் அவன் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து பார்த்தால் 0 பைட் என்று காட்டுகிறது, விஸ்ட்ரீயில் 43 ஜிபி.

அதில் 26 ஜிபி அவன் ஐஃபோனின் பழைய பேக்கப், அந்த ஃபோனே இப்போது அவனிடம் இல்லை. டெலிகிராம் இறக்கி வைத்த படங்களும் பிடிஎஃப்களும் 8 ஜிபி. மிச்சம் 9 ஜிபி ஃபோட்டோ, வீடியோ. ஃபோன் போட்டுக் கேட்டேன். “எல்லாத்தையும் அழிச்சிடுங்க மாமா, எனக்கு ஒண்ணும் வேண்டாம்” என்றான். எனக்கு மனம் வரவில்லை. அந்த 9 ஜிபியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நடுவில் நாலு நிமிட வீடியோ ஒன்று, எங்கள் அம்மா அடுப்படியில் உட்கார்ந்து முறுக்கு பிழிகிறார், மாவு இளகிப்போச்சு என்று அக்காவைத் திட்டுகிறார். அம்மா தவறி ஒரு வருடம் ஆகிறது. அவர் குரல் இருக்கிற வீடியோ எங்களிடம் இதைத் தவிர இரண்டோ மூன்றோதான் உண்டு. கடையில் ஃபார்மேட் அடித்திருந்தால் அது இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இனி வழிகளுக்கு வருகிறேன். முதல் வழி, உள்ளேயே சுத்தம். காசு செலவில்லை, ஒரு மணி நேர வேலை, பெரும்பாலும் 20 முதல் 60 ஜிபி வரை மீளும் என்பது நான் கை வைத்த லேப்டாப்களில் கண்டது. எதை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ், டெம்பரரி ஃபைல்ஸ் மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு போக வேண்டிய இடம் என்பார்கள். டவுன்லோட்ஸில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மார்க்‌ஷீட்டும் ஆதார் பிடிஎஃப்பும் அங்கேதான் கிடக்கும். டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்திலேயே டவுன்லோட்ஸும் ஒரு பெட்டியாக வரும், அதில் தெரியாமல் டிக் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு ஏறியவர்களுக்கு பழைய விண்டோஸ் முழுதாக ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டரில் இருக்கும், 10 நாளில் தானாகப் போக வேண்டும், போகாமல் தங்கியிருந்தால் அதே பக்கத்தில் ‘ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்’ என்பதற்கு டிக் போட்டு எடுக்கலாம். பல ஜிபி ஒரே அடியில் திரும்பும். பழைய விண்டோஸுக்குத் திரும்பும் வாய்ப்பு அத்தோடு போய்விடும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ரெஸ்டோர் பாயின்ட்களை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். சிஸ்டம் புரொடெக்‌ஷனில் கான்ஃபிகர் என்று அழுத்தினால் அதிகபட்சம் எவ்வளவு இடம் என்று இழுத்து வைக்க ஒரு கோடு இருக்கிறது. நான் 14-ஐ 5 ஆக்கினேன். ஹைபர்னேட் கோப்பு சாதாரணமாக ரேமில் 40 சதவீதம் அளவு பிடிக்கும். 8 ஜிபி ரேமுக்கு 3 ஜிபி சொச்சம், 32 ஜிபி ரேம் என்றால் 13 ஜிபி. இணையத்தில் எல்லோரும் முதலில் இதைத்தான் அணைக்கச் சொல்கிறார்கள். அணைத்தால் கணினி சீக்கிரம் திறக்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் சேர்ந்து போகும். அதைவிட முக்கியம், பேட்டரி ஒரேயடியாக இறங்கும்போது லேப்டாப் ஹைபர்னேட் ஆகித் திறந்திருந்த வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும், அணைத்துவிட்டால் அதுவும் கிடையாது. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில், புராஜெக்ட் டைப் அடிக்கிற பிள்ளைக்கு, 3 ஜிபிக்காக அதை நான் அணைக்க மாட்டேன். அணைக்கவில்லை. பேஜ் ஃபைலையும் விட்டுவிட்டேன். 8 ஜிபி ரேமில் குரோம் திறந்தாலே அது தேவைப்படும்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒன்று 10 ஜிபிக்கு மேல் காட்டும், பார்த்தவுடன் கை பரபரக்கும். தொடவே கூடாது. அதில் இருக்கும் பல கோப்புகள் வேறு ஃபோல்டரில் இருக்கும் அதே கோப்புக்கு இன்னொரு பெயர்தான், ஒரே பொருள் இரண்டு இடத்தில் கணக்கில் ஏறுகிறது, உண்மையில் பிடித்த இடம் குறைவு. குறைக்க வேண்டுமென்றால் டெம்பரரி ஃபைல்ஸில் ‘விண்டோஸ் அப்டேட் கிளீன்அப்’ என்ற பெட்டிக்கு டிக் போட்டால் விண்டோஸே பார்த்துக்கொள்ளும். விண்டோஸுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ ஃபோல்டரும் அதே மாதிரிதான், கையால் அழித்தால் அப்புறம் ஒரு மென்பொருளை நீக்கவும் முடியாது, அப்டேட் செய்யவும் முடியாது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, அப்டேட்டுக்கு என்று சுமார் 7 ஜிபியை ஒதுக்கி வைக்கும் ஏற்பாடும் உண்டு. அதையும் விட்டுவிடுங்கள், அடுத்த அப்டேட் இடமில்லாமல் பாதியில் நின்றால் அதைவிடத் தலைவலி. ஒரே கிளிக்கில் சுத்தம் என்று வரும் கிளீனர்களை நான் வீட்டில் யாருக்கும் போட்டுத் தருவதில்லை. 2017-இல் அப்படிப்பட்ட ஒன்றான சிசிகிளீனரின் 5.33 பதிப்புக்குள்ளேயே யாரோ தீங்கான நிரலைப் புகுத்திவிட, அது நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போய்விட்டது. விண்டோஸிலேயே இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் இந்த வேலைக்குப் போதும்.

மற்றவர்கள் வீட்டில் வழக்கமாக மாட்டுகிற ஆட்களையும் சொல்லிவிடுகிறேன். டெலிகிராமின் செட்டிங்ஸில் லோக்கல் ஸ்டோரேஜ் என்ற இடத்தில் உச்ச அளவு வைக்கலாம். வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பும் உங்கள் பெயர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் ஜிபி கணக்கில் சேர்க்கும். வீடியோ எடிட் செய்பவர்களுக்கு மீடியா கேஷ், புரோகிராமர்களுக்கு டாக்கரின் மெய்நிகர் டிஸ்க். இந்தக் கடைசி ஆள் பொல்லாதவன், உள்ளே இருக்கும் இமேஜ்களை அழித்தாலும் வெளியே அந்த ஒற்றைக் கோப்பு தானாகச் சுருங்குவதில்லை, தனியாகச் சுருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ எமுலேட்டர் நாலைந்து செய்து வைத்திருந்தால் அவையும் ஒவ்வொன்றும் பல ஜிபி.

இரண்டாவது வழி டி டிரைவ். நம் ஊர்க் கடைகளில் விண்டோஸ் போட்டுத் தரும்போது சி-க்கு 100 ஜிபி, மிச்சம் டி என்று பிரித்துக் கொடுப்பது பழைய பழக்கம். சி மூச்சுத் திணறும், டி காலியாகக் கிடக்கும். இப்படி இருந்தால் முதலில் கோப்புகளை டி-க்கு நகர்த்துங்கள், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களையே ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் மாற்றி டி-க்குக் குடியேற்றலாம். சி-யையே பெரிதாக்க வேண்டுமானால், டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல ஒதுக்கப்படாத இடம் இருந்தால்தான் ‘எக்ஸ்டெண்ட்’ வேலை செய்யும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வால்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும், சி-க்குப் பயன்படாது. பல சமயம் நடுவில் ரெக்கவரிப் பகுதியும் குறுக்கே நிற்கும். குறுக்கே எதுவும் இல்லை என்றால், டி-யில் இருப்பதை வெளியே நகல் எடுத்து, டி-யை அழித்து, அந்த இடத்தைச் சி-யோடு சேர்ப்பது நேர் வழி. நகல் எடுக்காமல் பார்ட்டிஷன் மென்பொருளில் இழுத்து விளையாடுவது வேண்டாம், நடுவில் கரண்ட் போனால் இரண்டும் போகும்.

வெளி டிஸ்க், மூன்றாவது. எடுத்து எடுத்துப் பார்க்காத பொருளுக்கு இதைவிட மலிவான இடம் கிடையாது: கல்யாண வீடியோ, முடிந்த செமஸ்டர், பழைய ஃபோட்டோ. தினம் திறக்கிற கோப்பை இதில் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒயரைத் தேட வேண்டும். சுழல்கிற ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி 3 துளையில் வினாடிக்கு 120 எம்பி போல எழுதும், 100 ஜிபி கால் மணி நேரத்தில் முடியும். அதையே பழைய யுஎஸ்பி 2 துளையில் செருகினால் 30 எம்பி சொச்சம், ஒரு மணி நேரம் ஆகும். பல லேப்டாப்களில் உள்ளே நீல நிறம் தெரிகிற துளை வேகமானது. ஓடும்போது கீழே விழுந்தால் ஹார்ட் டிஸ்க் கதை முடிந்தது, பையில் போட்டு பஸ்ஸில் அலைபவர்களுக்கு போர்ட்டபிள் எஸ்எஸ்டி நல்லது, விலை கூடுதல். பென் டிரைவும் மெமரி கார்டும் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், வருடக்கணக்கில் வைத்திருக்க அல்ல. அப்புறம் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்று வருவது போலி. உள்ளே 32 ஜிபி சிப்பை வைத்து 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள், நகல் எடுக்கும்போது எல்லாம் ஏறியது போலவே தெரியும், திறந்தால் பாதி கோப்பு திறக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கை முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். புதிதாக வாங்கியதில் எதையும் வைக்கும் முன் அதை ஒருமுறை ஓட்டுங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லேப்டாப்பிலிருந்து வெளி டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டு லேப்டாப்பில் அழித்தால், அது பேக்கப் ஆகாது. ஒரே பிரதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். போனால் போகட்டும் என்று சொல்ல முடியாத பொருளுக்கு இரண்டாவது பிரதி வேறு இடத்தில் வேண்டும்.

கிளவுட் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கறாரானது: அது பாதுகாப்புக்கு நல்லது, இடப் பற்றாக்குறைக்கு மருந்தாக வாங்காதீர்கள். கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து, பலருக்கு ஃபோன் படங்களிலேயே அது நிரம்பியிருக்கும். ஒன்டிரைவிலும் ஐகிளவுடிலும் 5 ஜிபிதான். அதற்கு மேல் மாதாமாதம் அல்லது வருடாவருடம் காசு, நிறுத்தினால் புதிதாக எதுவும் ஏறாது. கூகுளில் அளவைத் தாண்டிய கணக்குக்கு மெயில் வருவதே நின்றுவிடும். ஏற்றுகிற நேரத்தையும் கணக்குப் போடுங்கள். 100 ஜிபியை, ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் இருக்கும் வீட்டு ஃபைபரில் ஏற்ற 11 மணி நேரம் ஆகும். தினம் 2 ஜிபி டேட்டா பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டுப் படிக்கிற பிள்ளைக்கு அந்த 43 ஜிபியை ஏற்றவே மூன்று வாரம் போகும், அந்த மூன்று வாரமும் வேறெதற்கும் நெட் இருக்காது.

நல்ல இணையமும் 1 டிபி ஒன்டிரைவும் ஏற்கெனவே இருக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. ஒன்டிரைவ் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுத்தால் கோப்பின் பெயர் இங்கே நிற்கும், பொருள் மேலே போய்விடும், மேகப் படம் தெரியும், திறக்கும்போது இறங்கிவரும். ப்ராப்பர்ட்டீஸில் சைஸ் 2 ஜிபி என்றும் சைஸ் ஆன் டிஸ்க் 0 என்றும் காட்டும். கேட்ட மாத்திரத்தில் ஆசையாக இருக்கும், ஆனால் இடம் வேண்டுமென்று அந்த ஃபோல்டரில் டிலீட் அடித்தீர்கள் என்றால் மேலேயும் அழிந்துவிடும். ரீசைக்கிள் பின்னில் 30 நாள் இருக்கும், அதற்குள் பார்த்தால் பிழைத்தது. டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஒன்டிரைவே இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல லேப்டாப்களில் தெரியாமலே அப்படி ஆகியிருக்கும்.

எஸ்எஸ்டி மாற்றுவது. சுத்தம் செய்த பிறகும் உங்கள் வேலைக்கான கோப்புகளே இடத்தை நிரப்பினால், வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட், பெரிய கேம் என்று போனால், இதுதான் சரியான செலவு, மற்றதெல்லாம் தள்ளிப்போடுவதுதான். எஸ்எஸ்டி கழுத்துவரை நிரம்பினால் எழுதும் வேகம் விழும், எப்போதும் 15, 20 சதவீதம் காலியாக இருப்பது நல்லது, 237 ஜிபியில் அது 40 ஜிபி. அதைக்கூடக் காலியாக வைக்க முடியாத அளவுக்கு வேலை இருக்கிறவர் மாதம் ஒருமுறை துடைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டாம்.

வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பில் மாற்ற முடியுமா என்று பாருங்கள். மலிவான சில லேப்டாப்களில் இஎம்எம்சி என்ற சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மேக்புக்குகளில் இப்போது கழற்றி மாற்ற வழியே கிடையாது. மாற்ற முடியும் என்றால் எம்.2 என்ற மெல்லிய பட்டை வகையா, பழைய இரண்டரை அங்குலப் பெட்டி வகையா, எம்.2 என்றால் வேகமான என்விஎம்இயா பழைய சாட்டாவா, நீளம் 2280-ஆ 2242-ஆ 2230-ஆ (கடைசி இரண்டு இலக்கம்தான் மில்லிமீட்டரில் நீளம்) என்று மாடல் நம்பரைப் போட்டுக் கையேட்டில் பாருங்கள். நீளம் மாறினால் திருகு உட்காராது. சில மாடல்களில் இரண்டாவது எம்.2 இடம் காலியாகவே இருக்கும், அது இருந்தால் அதிர்ஷ்டம், பழையதைக் கழற்றாமலே புதியதைச் சேர்க்கலாம். 2025 கடைசியில் மெமரி சிப்களின் விலை ஏற ஆரம்பித்தது, அதனால் யாரோ அதற்கு முன்பு வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். 256-இலிருந்து குறைந்தது 512-க்காவது போங்கள், முடிந்தால் 1 டிபி. வாரன்டி இருந்தால் மூடியைத் திறப்பதால் அது பாதிக்கப்படுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

திறக்கும் முன் ஒரு வேலை கட்டாயம்: டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் ஓடுகிறதா என்று பார்த்து, 48 இலக்க ரெக்கவரி எண்ணை எழுதி வையுங்கள், பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். அது இல்லாமல் மாட்டிக்கொண்டால் எந்தக் கடையாலும் திறக்க முடியாது. பழையதை அப்படியே நகலெடுக்க க்ளோன்ஸில்லா இலவசம். புதிய எஸ்எஸ்டியை யுஎஸ்பி என்க்ளோஷர் என்ற வெளிப்பெட்டியில் போட்டு க்ளோன் செய்துவிட்டு மாற்றினால், அதே என்க்ளோஷரில் பழைய 256-ஐப் போட்டு வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம், ஒரே செலவில் இரண்டு வேலை. இரண்டு வாரமாவது அதை அழிக்காதீர்கள்.

விண்டோஸை மறுபடி போடுவது, கடைக்காரர்கள் முதலில் சொல்வது, எனக்குக் கடைசி. கணினி இடம் தவிர வேறு விதத்திலும் கெட்டிருந்தால், தொங்குகிறது, அப்டேட் ஏறவில்லை, என்னவென்று தெரியவில்லை என்றால் மட்டும். ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்று கொடுத்தாலும் நீங்கள் போட்ட மென்பொருள் எல்லாம் போகும். தமிழில் டைப் அடிப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும், எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை, என்எச்எம் ரைட்டரோ அழகியோ, பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஆவணங்களுக்கான ஃபான்ட் எல்லாம் மறுபடி தேடிப் போட வேண்டும். டிடிபி வேலை செய்கிற ஒருவர் இப்படி ஃபார்மேட் அடித்துவிட்டு, பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைக் கோப்புகள் கட்டம் கட்டமாகத் திறந்ததைப் பார்த்துக் கைபிசைந்து நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஃபான்ட் ஃபோல்டரை மட்டும் ஒரு நகல் எடுத்திருந்தால் போதும்.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ‘சிஸ்டம் டேட்டா’ என்று ஒரு பெரிய சாம்பல் பட்டை தெரிந்தால், டைம் மெஷின் உள்ளேயே வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட்களையும் ஐஃபோன் பேக்கப்களையும் முதலில் பாருங்கள். ஸ்னாப்ஷாட் இடம் தேவைப்படும்போது தானாக விடுபடும், பேக்கப் விடுபடாது. பெரும்பாலும் டிஸ்க்கை மாற்ற முடியாத கணினி என்பதால் அவர்களுக்கு வெளி எஸ்எஸ்டிதான் வழி, அதனால் வாங்கும்போதே ஒரு படி பெரியதாக வாங்குவது புத்திசாலித்தனம்.

அக்கா மகளுக்கு எஸ்எஸ்டி வாங்கவில்லை, ஃபார்மேட்டும் அடிக்கவில்லை. அண்ணனின் 9 ஜிபி படங்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, அதிலிருந்து நாலைந்து கோப்பைத் திறந்து பார்த்து, சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அவன் கணக்கை செட்டிங்ஸ் வழியாகவே நீக்கினோம், 43 வந்தது. ரீசைக்கிள் பின் 7, ரெஸ்டோர் பாயின்ட்டில் 9, டவுன்லோட்ஸில் அவளே உட்கார்ந்து பார்த்து அழித்தது 19, டெம்பரரி ஃபைல்ஸ் 6. ஏற்கெனவே இருந்த 4-ஐயும் சேர்த்து 88 ஜிபி காலி. அவளுடைய வேலைக்கு இது இரண்டு வருடம் தாங்கும். தாங்காவிட்டால் என்ன செய்வது என்றும் பார்த்து வைத்தோம், மாடல் நம்பரைப் போட்டுக் கையேட்டைத் தேடினால் இரண்டாவது எம்.2 இடம் ஒன்று இருக்கிறது, 2242 நீளம். அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி லேப்டாப் பைக்குள்ளேயே போட்டுக் கொடுத்தேன்.

முறுக்கு வீடியோ 380 எம்பி. வெளி டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று, அப்புறம் அக்கா ஃபோனில் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும் என்று ஒயர் போட்டே ஏற்றினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாள், அன்றைக்கு மாவு உண்மையிலேயே இளகித்தான் போயிருந்தது என்றாள்.